கருங்கண்ணிக்கு அமெரிக்காவில் ஒரு சொந்தம்!

குழந்தைகளே, உங்களிடம் ஒரு பருத்திச் சட்டை இருக்கும். அந்தப் பருத்தி எந்த நாட்டுச் செடி என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "இது என்ன கேள்வி... நம் நாட்டுச் செடிதான்" என்பீர்கள். விளைந்தது இங்கேதான். ஆனால், இன்று இந்தியாவில் விளையும் பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்கப் பூர்வீகம் கொண்ட இனம்!

அப்படியானால் நம் பூர்வீகப் பருத்தி எங்கே போனது? அதைப் பார்க்க நாகலாபுரம் பக்கம் போவோம், வாருங்கள்.

தூத்துக்குடி மாவட்டத்தில் விளாத்திகுளத்துக்கு அருகே இருக்கிறது நாகலாபுரம். அங்கிருந்து கோவில்பட்டி வரை கரிசல் காடுதான். காடு என்றதும் புலி, கரடியைத் தேடாதீர்கள். வானம் பார்த்த புஞ்சை நிலத்தை இந்தப் பக்கம் 'காடு' என்றுதான் சொல்வார்கள். ஐப்பசியில் மழை பெய்தால் கரிசல் மண் காலில் அப்பிக்கொண்டு செருப்பையே பிடுங்கிவிடும். சித்திரையிலோ, கால் உள்ளே போகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்.

இந்த மண்ணுக்கென்றே அமைந்த செடிதான் 'கருங்கண்ணி' என்ற நாட்டுப் பருத்தி. ஐப்பசி மழையில் விதைப்பார்கள். மார்கழியோடு மழை நின்றுவிடும். அதன் பிறகு யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. ஆணிவேரை ஆழமாக இறக்கி, கரிசல் மண் பிடித்து வைத்திருக்கும் ஈரத்தைக் குடித்தே காய் காய்த்துவிடும். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய இந்தப் பக்கத்துப் பருத்தியை வெள்ளைக்கார வியாபாரிகள் 'டின்னவேலி' என்று அழைத்தார்கள். திருநெல்வேலி என்ற பெயர் அவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது!

1901ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் ஒரே காட்டில் பல ரகப் பருத்தி கலந்து கிடக்கும். அதிலும் 'புளிச்சை' என்றொரு ரகம். எடைக்கு நிறையப் பஞ்சு கிடைக்கும், ஆனால் இழை குட்டை, சொரசொரப்பு. அதை நல்ல பருத்தியோடு கலந்து விற்றுவிடுவார்கள். (பாலில் தண்ணீர் கலக்கிற கதைதான்!) ஆராய்ச்சியாளர்கள் என்ன செய்தார்கள்? காட்டில் இருப்பதிலேயே நல்ல செடியைத் தேடி, அதன் விதையை மட்டும் தனியே விதைத்தார்கள். முளைத்ததில் சிறந்ததை மறுபடி தேடினார்கள். இப்படிப் பல ஆண்டுகள் பொறுக்கியெடுத்தார்கள். பிறகு நல்ல ரகங்களை ஒன்றோடு ஒன்று ஒட்டுச் சேர்த்தும் பார்த்தார்கள். அங்கே உருவானவைதான் 'கே' என்ற எழுத்தில் தொடங்கும் கருங்கண்ணி ரகங்கள். 'கே' என்றால் கோவில்பட்டி!

இவ்வளவு நல்ல பருத்தியை ஏன் விட்டார்கள்? அதற்கும் நியாயம் உண்டு. நாட்டுப் பருத்தியின் இழை பொதுவாக ஓர் அங்குலத்துக்கும் குறைவு. அமெரிக்கப் பருத்தியின் இழை அதைவிட நீளம். இழை நீளமாக இருந்தால்தான் மெல்லிய நூலை அறுந்துபோகாமல் வேகமாக நூற்க முடியும். மில்காரர்கள் அதற்குத்தான் நல்ல விலை கொடுத்தார்கள். நாட்டுப் பருத்தியின் காயும் சிறியது. வெயிலில் குனிந்து பருத்தி எடுப்பவர்களுக்கு ஒரு கூடை நிரப்பவே வெகுநேரமாகும். இதனால் 1947இல் இந்தியாவில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் இருந்த நாட்டுப் பருத்தி, இன்று அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆகிவிட்டது.

ஆனால், பூச்சிகள் வேறு கணக்குப் போட்டன. 2015இல் பஞ்சாபில் கடுகைவிடச் சிறிய வெள்ளை ஈக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பருத்தியை நாசமாக்கின. இந்த ஈ சாற்றை உறிஞ்சுவதோடு விடாது. இலையைச் சுருட்டிவிடும் ஒரு வைரஸையும் செடிக்குச் செடி சுமந்து செல்லும். அமெரிக்கப் பருத்தி அந்த வைரஸில் வாடிவிடும். நாட்டுப் பருத்தியிடம் அதன் ஜம்பம் பலிப்பதில்லை!

"அப்படியானால் இரண்டையும் ஒட்டுச் சேர்த்துவிடலாமே?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அங்கேதான் சிக்கல். நாட்டுப் பருத்தியின் ஒவ்வொரு செல்லிலும் 26 குரோமோசோம்கள். அமெரிக்கப் பருத்தியில் 52. பிள்ளைச் செடிக்கு இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதி வரும். 13ம் 26ம் எவ்வளவு? 39. குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்தால்தான் நல்ல விதை உண்டாகும். 39ஐ ஜோடி ஜோடியாகப் பிரித்துப் பாருங்கள், வராது. அதனால் அந்தச் செடி மலடாகிவிடும். இதற்கு 'கோல்சிசின்' என்ற மருந்தைத் தடவி, 39ஐ 78 ஆக்குவார்கள். ஜோடி சேர்ந்துவிடும்! இந்தக் கோல்சிசின் எதில் கிடைக்கிறது தெரியுமா? நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிடைக்கிறது. (நல்ல விஷம். செங்காந்தளைப் பார்க்கலாம், கடித்துப் பார்க்கக் கூடாது!)

அமெரிக்கப் பருத்திக்கு மட்டும் எப்படி 52 வந்தது? 1940இல் அமெரிக்க விஞ்ஞானி பீஸ்லி இதைச் சோதித்துக் காட்டினார். நம் நாட்டுப் பருத்தியையும் அமெரிக்கக் காட்டுப் பருத்தி ஒன்றையும் சேர்த்து, குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். 52 குரோமோசோம் கொண்ட செடி வந்தது. அது அமெரிக்கப் பருத்தியோடும் ஒட்டியது. அதாவது, அமெரிக்கப் பருத்தியின் குரோமோசோம்களில் பாதி, நாட்டுப் பருத்தியின் உறவுக்காரச் செடி ஒன்றிடமிருந்து போனவை! சுமார் 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், மனிதனே பருத்தி பயிரிடாத காலத்தில், அந்தச் செடியின் விதை எப்படியோ கடல் தாண்டிப் போயிருக்கிறது.

2014இல் சீன விஞ்ஞானிகள் நாட்டுப் பருத்தி இனத்தின் முழு மரபணு வரிசையையும் படித்து வெளியிட்டார்கள். 40,000க்கும் அதிகமான ஜீன்கள்! ஆனால், எழுதி வைத்த வரிசையை மண்ணில் போட்டால் முளைக்காதே. அதற்கு உயிருள்ள விதை வேண்டும். ஒரு ரகத்தின் கடைசி விதையும் போய்விட்டால், அந்த ரகத்தை எந்த விஞ்ஞானியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. குளிர் அறையில் பூட்டி வைத்தாலும் விதை என்றென்றைக்கும் உயிரோடு இருக்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்து விதைத்து, புது விதை எடுத்தாக வேண்டும். அப்போது தேனீ வந்து பக்கத்து ரகத்தின் மகரந்தத்தைக் கலந்துவிடக் கூடாது.

அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. பருத்திப் பூ காலையில்தான் விரியும். ஆகவே முதல் நாள் மாலையே, மறுநாள் விரியப் போகிற மொட்டைப் பார்த்து, அதன் நுனியை ஒரு துண்டு நூலால் கட்டிவிடுவார்கள். காலையில் மற்ற பூக்கள் மஞ்சளாக விரிந்திருக்கும். நூல் கட்டிய பூ மட்டும் மூடியே இருக்கும். தேனீ சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அந்தக் காய் வெடித்ததும் அதைத் தனியே எடுத்து, ரகத்தின் பெயரைச் சீட்டில் எழுதி, தனிப் பையில் போடுவார்கள்.