இயந்திர ஓசையில் ஓர் இசை விழா

ஆலையின் சம்மட்டியோசை செவிக்கு இன்பந் தருமா? "தராது" என்றே பலரும் விடை கூறுவர். ஆயினும் மேனாடுகளில் எண்ணற்ற இளைஞர்கள் அவ்வோசையையே இசையாகப் போற்றுகின்றனர். 'இண்டஸ்றியல் றொக்' என வழங்கும் இவ்விசையின் பெருநிகழ்ச்சிக்கு முதன்முறையாகச் செல்லும் ரசிகன் எதைப் பெறுகிறான், எதை இழக்கக்கூடும் என்பதைப் பெற்றாரும் பிள்ளைகளும் அறிந்திருத்தல் நலம்.

1976 ஆம் ஆண்டில் லண்டனிலே 'துறொபிங் கிறிசில்' என்னுங் குழுவினர் 'இண்டஸ்றியல் றெக்கோர்ட்ஸ்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். இவ்விசைக்குப் பெயர் வந்தது அதிலிருந்தே. 1980 இல் மேற்கு பெர்லினில் தோன்றிய 'ஐன்ஸ்டூர்ட்சென்டே நொய்பவுட்டன்' குழுவினர் இரும்புத் தகடுகளையும் துளைகருவிகளையும் வாத்தியங்களாக்கினர். 'இடிந்து விழும் புதுக்கட்டடங்கள்' என்பது அப்பெயரின் பொருள். 1988 இல், உருக்காலைகளுக்குப் பேர்போன அமெரிக்க நகராகிய கிளீவ்லன்டில், ட்ரென்ட் றெஸ்னர் என்பவர் 'நைன் இஞ்ச் நெயில்ஸ்' குழுவை நிறுவினார். இசைப்பதிவு நிலையமொன்றில் ஊழியராயிருந்த அவர், வேலை முடிந்தபின் இராக்காலங்களில் அங்கேயே தம் பாடல்களைப் பதிவு செய்தார். இயந்திரத் தாளத்தோடு தனிமையையும் சினத்தையும் துயரத்தையும் இணைத்தன அப்பாடல்கள்.

இவற்றை ரசிகன் பெரும்பாலும் தன் அறையில் தனியே இருந்துதான் கேட்கிறான். வீட்டாருக்கு அது வெறும் இரைச்சல். தன் மனத்துயர் தன் ஒருவனுக்கே உரியதென அவன் எண்ணியிருப்பான். பெருநிகழ்ச்சிக்குச் சென்றதும் அவ்வெண்ணம் மாறுகிறது. விளக்குகள் அணைகின்றன. முரசொலி செவியில் மட்டுமன்றி நெஞ்சிலும் அதிர்கிறது. தான் தனியே முணுமுணுத்த வரிகளை, முன்பின் அறியாத பல்லாயிரவர் ஒரே குரலிற் பாடுகின்றனர்.

1994 ஓகஸ்ட் 13 ஆந் திகதி நியூயோர்க் மாநிலத்துச் சோகர்ட்டீஸில் நிகழ்ந்த வூட்ஸ்ரொக் விழா இதற்குச் சான்று. மழையால் மைதானம் சேறாயிற்று. றெஸ்னர் குழுவினரும் உடலெங்குஞ் சேறு படிந்தவராய் மேடையேறினர். கலைஞருக்கும் கூட்டத்தாருக்கும் வேற்றுமை தெரியவில்லை. அன்று பாடிய பாடலொன்றின் பதிவு 1996 இல் கிறமி விருது பெற்றது.

மேடையின் முன்னே இளைஞர் ஒருவரையொருவர் மோதி ஆடுவர். காண்போருக்கு அது சண்டை போலத் தோன்றும். ஆயின் அங்கும் எழுதாச் சட்டமொன்றுண்டு: விழுந்தவரை அருகில் நிற்போர் உடனே தூக்கிவிடல் வேண்டும். எனினும், கூட்டம் மிக நெருங்கிவிட்டால் நல்லெண்ணம் மட்டும் போதாது. முதன்முறை செல்வோர் சற்று ஓரமாக நிற்பதும், வெளியேறும் வழியை முன்னரே பார்த்துவைப்பதும், நண்பரைச் சந்திக்கும் இடத்தைக் குறித்துக்கொள்வதும் அறிவுடைமை.

அடுத்துக் காக்க வேண்டியது செவி. அமெரிக்கத் தொழிற் சுகாதார ஆய்வு நிறுவனம் தொழிலாளருக்கு வகுத்த அளவின்படி, 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் கேட்கலாம். ஒலி 3 டெசிபெல் உயருந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெல் ஆயின் 15 நிமிடமே தகும். ஆலைத் தொழிலாளியின் காதுக்கு ஏற்ற இவ்வளவு, ஆலையோசையை இசையாகக் கேட்பவரின் காதுக்கும் ஏற்றதன்றோ? இசையரங்குகளில் 15 நிமிடச் சராசரி ஒலி 100 டெசிபெல்லைத் தாண்டலாகாது என 2022 இல் உலக சுகாதார நிறுவனமும் விதந்துரைத்தது. உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. நிகழ்ச்சி முடிந்தபின் காதில் எழும் இரைச்சல் ஓர் எச்சரிக்கை. நுரையாலான காதடைப்பான் சிறு விலைக்குக் கிடைக்கும். அதனை அணிந்தால் பாட்டு மறைந்துவிடாது. அதன் கடுமையே தணியும்.

எனவே, இளைஞர்களே, விரும்பிய இசையை முதுமையிலும் கேட்கவேண்டுமாயின் இன்றே செவியைக் காத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, "போகாதே" என்று தடுப்பதினும் காதடைப்பானை வாங்கிக் கொடுத்தனுப்புதல் நன்று. பிள்ளை திரும்பி வந்ததும் அருகிருத்தி, அங்கே கண்டதையும் கேட்டதையும் விசாரியுங்கள். இரைச்சலென்று நீங்கள் ஒதுக்கிய பாட்டிலே அவன் மனம் எதைத் தேடியது என்பது அப்போது உங்களுக்குத் தெரியவரும்.