அரமா, கூலியா? ஒரே ஒரு தடவை வந்த சொல்

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். ஒரு பழைய நூல்ல ஒரு சொல் ஒரே ஒரு தடவைதான் வருது. கேட்டுத் தெரிஞ்சுக்க அந்தக் காலத்து ஆள் யாரும் இல்ல. அதோட அர்த்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

எபிரேய பைபிளை ஆராய்கிறவர்களுக்கு இது தீராத தலைவலி. இப்படி ஒருமுறை மட்டும் வரும் சொல்லை 'ஹபாக்ஸ் லெகோமெனான்' என்பார்கள். கிரேக்கத்தில் 'ஒருமுறை சொல்லப்பட்டது' என்று பொருள். எபிரேய பைபிளில் இவை ஆயிரத்துக்கும் மேல். பலவற்றின் வேர்ச்சொல் வேறு இடங்களில் வருவதால் சமாளிச்சிடலாம். வேரும் தெரியலன்னாதான் சிக்கல்.

எனக்குப் பிடிச்ச உதாரணம் 'பிம்'. 1 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தில் வருது. இஸ்ரவேலில் கொல்லர்களே கிடையாது. வாளும் ஈட்டியும் செய்துவிடுவார்கள் என்று பெலிஸ்தர் விட்டுவைக்கவில்லை. கலப்பைக் கொழுவைத் தீட்டக்கூட எதிரிகிட்டதான் போகணும். அந்த இடத்துலதான் இந்தச் சொல்.

1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு இதை 'அரம்' என்று ஊகித்தது. தீட்டுறதைப் பத்திப் பேச்சு நடக்குதே, அதனால பொருத்தமா இருந்துச்சு. பழைய தமிழ் பைபிளிலும் அரம்தான்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தப் பகுதியில் அகழாய்வு செய்தவர்களுக்குச் சின்னச் சின்ன எடைக்கற்கள் கிடைத்தன. மேலே குவிஞ்சு, அடி தட்டையா இருக்கும். சிலவற்றில் மூன்று எழுத்துகள்: பே, யோத், மேம். அதாவது பிம்! எடை சுமார் 7.8 கிராம், ஒரு சேக்கலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

அப்போ பிம் கருவி இல்ல, கூலி. நாணயம் வராத காலம், வெள்ளியை நிறுத்துத்தான் கொடுக்கணும். கிட்டத்தட்ட ஒரு சவரன் எடைன்னு வெச்சுக்கோங்க.

இப்போ கதையே மாறுது பாருங்க. அரம்னா, வாள் இல்லாட்டியும் கையில ஒரு கருவியாவது இருந்தது. கூலின்னா, உழுது பிழைக்கவே எதிரிக்குப் பணம் கட்டிய சனம்.

எல்லாச் சொல்லுக்கும் இப்படிக் கல் கிடைக்காது. மற்றவற்றுக்கு அக்காடியன், உகாரிட், அரபு மாதிரி உறவு மொழிகளிலும், பழைய கிரேக்க, சிரியாக் மொழிபெயர்ப்புகளிலும் தேடுவாங்க. அதுவும் கைவிட்டா ஊகம்தான். அதனாலதான் நல்ல பதிப்புகள், எபிரேயத்தில் பொருள் தெளிவில்லைன்னு அடிக்குறிப்பு போடுது. அதைப் பார்த்தா தாண்டிப் போயிடாதீங்க. 'அரம்' முந்நூறு வருஷம் கழிச்சுக் 'கூலி' ஆனது ஞாபகம் இருக்கட்டும்.