ஹார்ட் டிஸ்க் போனால் என்ன போகும்?

கணினி பழுதானால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் இருந்த குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அவற்றைச் சுமந்திருப்பது ஹார்ட் டிஸ்க். 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. கொள்ளளவோ ஏறத்தாழ 5 எம்பி. இன்றைய கைபேசியில் இரண்டு படம் எடுத்தால் நிரம்பிவிடும்.

அளவு சுருங்கினாலும் அடிப்படை மாறவில்லை. காந்தப் படலம் பூசிய தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. எழுதிப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல், சுழற்சியில் எழும் காற்றின்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 80,000 நானோமீட்டர்! ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் கீழே விழுந்தால் முனை தட்டில் உரசும். உரசிய இடத்தில் எழுதியிருந்தது அழியும். எழுதும் நேரத்தில் கரண்ட் போனாலும் கோப்புகள் சிதையலாம். அதனால் யுபிஎஸ் வீண்செலவு அல்ல.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிறது. ஒரு பகுதி கெட்டால், அதற்குப் பதில் உபரி இடத்தைப் பயன்படுத்திக்கொண்டு எண்ணிக்கையைப் பதிந்துவைக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இதைப் பார்க்கலாம். அந்த எண் ஏறினால் அன்றே பேக்கப் எடுங்கள். ஏறவில்லை என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பழுதானவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லை. ஆனால் அது செத்தால் பெரும்பாலும் சத்தமே இல்லாமல் சாகும்.

டிஸ்க் நன்றாக இருந்தும் கோப்புகள் போகலாம். 2017 மே 12 அன்று தொடங்கி வான்னாக்ரை என்ற வைரஸ் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளை ரத்து செய்தன. யாரும் எதையும் சொடுக்காமலே அது கணினிக்குக் கணினி தாவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே தந்திருந்தது! அப்டேட்டை நாளைக்கு என்று தள்ளிவைக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டு ஆபத்துக்கும் காப்பு ஒன்றே: கழற்றி வைத்த பிரதி. கணினியிலேயே செருகிக் கிடக்கும் டிஸ்க்கில் உள்ள பிரதியையும் வைரஸ் சேர்த்தே பூட்டிவிடும். இணையச் சேமிப்பிலும் பூட்டிய கோப்பு பழையதன்மேல் ஏறிவிடலாம். பழைய பதிப்புகளை மீட்கும் வசதி அதில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரதி எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி வேறோர் அலமாரியில், முடிந்தால் வேறொரு வீட்டில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அதை வேறு கணினியில் இணைத்து, பத்துப் பதினைந்து கோப்புகளையாவது திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால், மூலம் கைவசம் இருக்கும்போதே வேறு டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்துவிடலாம்.