கணினியின் வேகத்தைக் கூட்டலாமா? எவ்வழி ஏற்றது?

அயல்நாட்டில் உழைக்கும் அத்தா அனுப்பிய பணத்தில் வாங்கிய கணினி. "இதை இன்னும் வேகமாக ஓட வைக்கலாம், அம்மா" என்று மகன் கேட்கிறான். அனுமதிப்பதா, தடுப்பதா? வழிகளை அறிந்தபின் முடிவு செய்வதே பெற்றோர்க்கு அழகு.

பிராசஸர் எனப்படும் செயலியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கற்பலனாகும். அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 45 எனில், வேகம் 4,500 மெகாஹெர்ட்ஸ். நிர்ணயித்த அளவுக்கு மேல் இதனை உயர்த்துவதே 'ஓவர்கிளாக்கிங்'.

முதல் வழி, அடிப்படைத் துடிப்பை உயர்த்துவது. 1998இல் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ செயலியில் பெருக்கி பூட்டப்பட்டிருந்தது. ஆர்வலர்கள் துடிப்பை 66இலிருந்து 100க்கு உயர்த்தி, 300 மெகாஹெர்ட்ஸ் செயலியை 450இல் ஓட்டினர். இன்றோ துடிப்பை உயர்த்தினால் நினைவகம் முதலிய பிற உறுப்புகளும் தடுமாறக்கூடும்.

இரண்டாவது, பயாஸ் அமைப்பில் பெருக்கியை உயர்த்துவது. இன்டெலில் பெரும்பாலும் 'கே' எழுத்துடைய செயலிகளும், 2017 முதல் வந்த ஏஎம்டி ரைசன் மேசைக்கணினிச் செயலிகளுள் பெரும்பாலானவையும் இதற்கு இடம் தருகின்றன. தாய்ப்பலகையும் இசைய வேண்டும். மூன்றாவது, விண்டோஸில் இயங்கும் மென்பொருள் வழி. சோதித்துப் பார்க்க எளிது. நான்காவது, வெப்பத்தையும் மின்சாரத்தையும் அளந்து செயலியே தன் எல்லையை உயர்த்திக்கொள்ளும் தானியங்கி முறை.

எவ்வழியாயினும் விலை உண்டு. மின்னழுத்தத்தையும் வேகத்தையும் பத்துப் பத்து சதவீதம் உயர்த்தினால், செயலியின் இயக்க மின்செலவு ஏறத்தாழ 33 சதவீதம் கூடும். அத்தனையும் வெப்பமாகும். அறையின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் செயலியின் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவே ஏறும். வானூர், மரக்காணம் பகுதிகளின் கோடையை எண்ணிப் பாருங்கள். உப்பு கலந்த ஈரக்காற்று உலோகத்தை அரிக்கும். விசிறியில் தூசு படியும். உப்பளத்தில் உப்பு விளைந்தபின் எஞ்சும் நீரைக் காலத்தில் வெளியேற்றாவிடில் உப்பு கசந்துபோகும். அளவறிந்து நிறுத்துவது இங்கும் வேண்டும்.

வேகம் எல்லை மீறினால் கணினி நின்றுபோவது மட்டுமன்று. சத்தமின்றிக் கணக்குப் பிழைத்துக் கோப்புகளும் கெடலாம். உத்தரவாதமும் பறிபோகக்கூடும்.

ஆகவே, மடிக்கணினியில் இது வேண்டாம். குடும்பக் கணக்கும் படிப்பும் உள்ள மேசைக்கணினிக்கு விசிறியைத் துடைப்பதும், நினைவகம் கூட்டுவதும், பழைய வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்துவதுமே அதிகப் பலன் தரும். இன்றைய செயலிகள் ஆலையிலேயே எல்லைக்கு அருகில் ஓடுமாறு அமைக்கப்படுவதால், ஓவர்கிளாக்கிங்கில் மிஞ்சும் ஆதாயம் சிறிதே.

கற்கும் ஆர்வமே நோக்கமெனில், தனியே ஒரு பழைய கணினியைக் கொடுங்கள். முதலில் கோப்புகளைப் பிரதி எடுக்கட்டும். மின்னழுத்தத்தைத் தொடாமல், பயாஸில் பெருக்கியை ஒவ்வொரு படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் நெடுநேரம் சோதிக்கட்டும். தடுமாறினால் ஒரு படி இறங்கட்டும். பிள்ளையின் ஆர்வமும் அணையாது. வீட்டின் கருவியும் பாழாகாது.