பொது நூலகமும் கூட்டு உழைப்பும்: மலையக ஆவணங்கள் பற்றிய சில சிந்தனைகள்

பொது நூலகம் நூல்களை அடுக்கிவைக்கும் இடம் மட்டுமன்று. எது பேணத்தக்க அறிவு என்பதைச் சமுதாயம் தீர்மானிக்கும் களமுமாகும். அத்தீர்மானத்தில் எவ்வர்க்கத்தின் குரல் ஒலிக்கின்றது என்பதே அடிப்படை வினா. இணையவழிக் கூட்டுமுயற்சிக் கருவிகளையும் இவ்வினாவின் வழியாகவே நாம் நோக்குதல் வேண்டும்.

கண்டியையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் எடுத்துக்கொள்வோம். மலையகத் தொழிலாளரிடையே கோ. நடேசையரும் மீனாட்சியம்மாளும் இயங்கிய காலந்தொட்டு, அம்மக்களைப் பற்றிய எழுத்துக்களிற் பல துண்டுப்பிரசுரங்களாகவும் பாட்டுப் புத்தகங்களாகவும் தொழிற்சங்க ஏடுகளாகவுமே வெளிவந்தன. கட்டடம் செய்யப்பட்ட நூலையே நூலெனக் கருதிய மரபு இவற்றைப் பொருட்படுத்தவில்லை. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென 1964 இல் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின் விளைவாக மக்கள் சிதறினர். அவர்தம் கடிதங்களும் ஏடுகளும் உடன் சிதறின. நீலகிரியிற் குடியேறியோர் இன்றும் ‘கண்டிக்காரர்’ எனப்படுவர். ஓரிடத்துச் சேகரிப்பு எதுவும் இவ்வரலாற்றை முழுமையாகத் தரவியலாது.

இங்கேதான் கூட்டுக் கருவிகள் முக்கியத்துவம் பெறுகின்றன. 2005 இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகம், விக்கிப்பீடியாவுக்கு அடிப்படையான மீடியாவிக்கி மென்பொருளையே பயன்படுத்துகின்றது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண்ணும் தனிப்பக்கமும் உண்டு. ஆசிரியர், ஆண்டு, பக்கங்கள், உள்ளடக்கம் ஆகியன அப்பக்கத்திற் பதியப்படுகின்றன. விக்கி முறையில் ஒருவர் விட்ட குறையை மற்றொருவர் நிரப்பலாம். யார், எப்போது, எதனை மாற்றினார் என்பதும் பதிவாகும். கண்டியிலுள்ள ஏட்டின் முதற் பகுதியையும் கூடலூரிலுள்ள இறுதிப் பகுதியையும் ஒரே பக்கத்தில் இணைப்பதற்கு இம்முறை இடமளிக்கின்றது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாதவை என்றென்றைக்குமாக அழிந்தன என்பதை நினைவிற் கொண்டால் பல இடங்களிற் படிகள் இருப்பதன் தேவை புலனாகும்.

எனினும் கருவியே விடுதலை தந்துவிடும் எனக் கருதுதல் தொழில்நுட்ப மாயையாகும். ஏட்டைத் துடைத்து, மின்வருடி, விவரம் தட்டச்சிடுவது மனித உழைப்பே. அதனைத் தன்னார்வலரின் ஊதியமற்ற ஓய்வுநேரத்திடம் முற்றாக ஒப்படைத்துவிட்டு, ‘கூட்டுமுயற்சி’ எனப் புகழ்வது அரசும் மாநகர சபையும் தம் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கே துணைபோகும்.

எனவே, கண்டி டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகம் போன்றவை இணையத்தைப் பார்வையிடும் இடங்களாக மட்டுமன்றி, ஆவணங்களை ஆக்கியளிக்கும் நிலையங்களாகவும் அமைதல் வேண்டும். ஒரு மின்வருடியும், தமிழில் விவரப்பட்டியல் ஆக்கத்தக்க ஊதியம்பெறும் ஊழியர் ஒருவரும் தொடக்கத்துக்குப் போதும். லயன் வீட்டுத் தகரப் பெட்டியிலுள்ள சங்கச் சந்தாப் புத்தகம் எவருடையது, எவ்வாண்டுக்குரியது என்பதைக் கூறவல்லவர் அதனைப் பேணிவந்த தொழிலாளரே. அவரது கூற்று பட்டியலில் இடம்பெறும்போதே பொது நூலகம் மெய்யாகப் பொதுவாகும்.