பெரிய ரீல் தருவிக்குமுன்...

தூண்டில் சாமான் விற்கும் நம்மவர் சிலர், கரையில் நின்று சுறா பிடிப்பதற்கான பெரிய ரீல்களையும் தருவிக்க விரும்புகின்றனர். ஒரு ரீலில் முடங்கும் பணம் சிறிதல்ல. எனவே சரக்கை அறிந்து வாங்குவது நல்லது.

படகில் இருப்பவர் மீனின் பின்னால் போகலாம். கொள்ளுப்பிட்டி ரயில் பாதையோரக் கற்களில் நிற்பவருக்கு அந்த வழி இல்லை. சுறா ஓடும் தூரத்துக்கு நூல் இருக்க வேண்டும். ஆகவே பளபளப்பைப் பாராமல், எத்தனை இறாத்தல் நூல் எத்தனை மீற்றர் கொள்ளும் என்பதைப் பெட்டியில் பாருங்கள்.

அடுத்தது பிரேக். நூல் அறும் பாரத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இறுக்குவது வழக்கம். 80 இறாத்தல் நூலுக்கு 20 முதல் 27 இறாத்தல் வரும். அந்தப் பாரத்திலும் சிக்காமல் சீராக நூல் விடும் ரீலே உதவும்.

பின்னல் நூல் மெல்லியது, கூடுதலாகச் சுற்றலாம். ஆனால் கல்லில் உரசினால் சட்டென அறுந்துவிடும். எனவே முன்பகுதிக்குத் தடித்த தங்கூசியும், பல் படும் இடத்துக்குக் கம்பியும் சேர்த்தே விற்க வேண்டும். ரீலை மட்டும் விற்றால் வாடிக்கையாளர் மீனோடு நூலையும் இழப்பார். நாம் அவரை இழப்போம்.

சட்டத்தையும் சொல்லி விற்பது நம் கடமை. நீண்ட வாலுடைய திரெஷர் சுறாவைப் பிடிப்பது 2012 முதல் இலங்கையில் தடை. மற்றச் சுறாக்களைச் செட்டை வெட்டாமலே கரைசேர்க்க வேண்டும் என்பது 2001ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி.

முதலில் இரண்டு மூன்று ரீல் போதும். பெரிய பாரை பிடிப்போருக்கும் அவை உதவும். உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேட்காமல் ஓடர் கொடுக்காதீர்கள்.