பாய்க்கப்பல் மாதிரி கவிழ்வது ஏன்?

திருகோணமலையின் பெயர் தாங்கிய 'டிரிங்கோமலி' என்னும் பாய்மரப் போர்க்கப்பல், 1817-இல் பம்பாயில் மலபார்த் தேக்கால் வாடியா குடும்பத்தார் கட்டியது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அது இன்றும் மிதக்கிறது. அதன் பீரங்கித் தளத்தின் நீளம் சுமார் 150 அடி. அதை 50-இல் ஒரு பங்காக்கி, 3 அடி மாதிரி செய்து, ரேடியோ மூலம் ஓட்டலாமா?

முதலில் ஒரு கணக்கு. நீளம் 50-இல் ஒரு பங்கானால், பாயின் பரப்பு 2,500-இல் ஒரு பங்கு. எடையோ 1,25,000-இல் ஒரு பங்கு! 1,000 டன் கப்பலின் மாதிரி 8 கிலோதான். காற்றின் விசை பரப்பைப் பொறுத்தது. கப்பலை நிமிர்த்தும் விசை எடையைப் பொறுத்தது. எனவே அதே காற்று மாதிரியை 50 மடங்கு வலுவாகச் சாய்க்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. அடிப்பகுதியில் கழற்றக்கூடிய தகடு ஒன்றைப் பொருத்தி, அதன் நுனியில் ஈயக்கட்டியை வையுங்கள். ஈர்ப்பு மையம் தாழும். மென்காற்றில் மட்டும் ஓட்டுங்கள். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடுவதால், கப்பலுக்கு மணிக்கு 28 கிலோமீட்டர் காற்று என்றால், மாதிரிக்கு ஏறக்குறைய 4 போதும்.

இரண்டு சர்வோ மோட்டார்கள் வேண்டும். ஒன்று சுக்கானைத் திருப்பும். மற்றது கயிறிழுத்துப் பாய்க்கழிகளைத் திருப்பும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். ஆகவே ஏரியல் நீர்மட்டத்திற்கு மேலே இருக்கட்டும்.

ஜீயபுரத்து மாணவர்களுக்குக் காவிரி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் ஓடும் ஆறு மாதிரியை இழுத்துச் செல்லும். அதைப் பிடிக்க இறங்குவதோ உயிருக்கே ஆபத்து. பெரியவர்கள் துணையுடன் ஆழமற்ற குட்டையே நல்லது.

25-இல் ஒரு பங்கு மாதிரிக்கு எவ்வளவு காற்று பொருந்தும்? நீங்களே கணக்கிடுங்கள்!